உயிரித் தகவலியல்: பட்டம் உண்டு, பாடம் எங்கே?

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நெருங்குமுன் வரும் கவரைப்பேட்டையும் புதுவாயலும் இன்று பொறியியல் கல்லூரிகளால் அறியப்படும் ஊர்கள். மாணவர் சேர்க்கைக் காலத்தில் இச்சாலையோர விளம்பரப் பலகைகளைப் படித்தாலே பட்டப்படிப்புகளின் சந்தை நிலவரம் தெரிந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவின் காலம். மனித மரபணுத் தொகுதியின் வரைவு 2001-இல் வெளியானதைத் தொடர்ந்த சில ஆண்டுகளில், பயோஇன்ஃபர்மேடிக்ஸ் எனப்படும் உயிரித் தகவலியலுக்கு அத்தகைய மவுசு இருந்தது.

தக்காளி விலை ஏறியதும் எல்லோரும் தக்காளி பயிரிடுவார்கள். அறுவடையின்போது விலை சரியும். பொருளியலில் இதைச் சிலந்தி வலைக் கோட்பாடு என்போம். பொறியாளர் சந்தையிலும் இதுவே நிகழ்வதை அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970-களில் எடுத்துக்காட்டினார். விவசாயி அடுத்த பருவத்தில் பயிரை மாற்றிக்கொள்ளலாம். கல்விக் கடன் வாங்கி மகளைச் சேர்த்த தொழிற்பேட்டை ஊழியருக்கு அடுத்த பருவம் என்று ஒன்று இல்லை.

ஆனால், உயிரித் தகவலியல் சரிந்ததற்குச் சந்தையை மட்டும் குறைகூற இயலாது. நானறிந்த வகுப்பறைகள் பலவற்றில் மென்பொருளை இயக்குவதே பாடமாக இருந்தது. டி.என்.ஏ. வரிசையொன்றை 'பிளாஸ்ட்' தேடுபொறியில் இடுவது, பொத்தானை அழுத்துவது, விடையை அச்செடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவது. 1990-இல் உருவான அந்த அருமையான கருவி எதற்கு விடை தேடுகிறது என்ற கேள்வி எழவே இல்லை.

அத்துறையின் உயிர்நாடியான கேள்விகளுள் ஒன்று மரபணு ஒழுங்குமுறை. கல்லீரல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருப்பவை ஒரே மரபணுக்களே. எது, எப்போது, எவ்வளவு செயல்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. பாலை எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸும் பாலின் சர்க்கரையான லாக்டோஸும் கலந்து கொடுத்தால், ஈ.கோலை பாக்டீரியா முதலில் குளுக்கோஸைத் தீர்த்துவிட்டு, சற்றுத் தயங்கி, பிறகே லாக்டோஸைத் தொடும். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் ழாக் மோனோ இதைக் கண்டார். மரபணுவுக்கு அருகே ஒரு 'சுவிட்ச்' உண்டு என்ற விளக்கத்தை அவரும் பிரான்சுவா ஜாக்கோபும் 1961-இல் முன்வைத்தனர். மனிதரிலும் இதற்கிணையான ஒன்று உண்டு. குழந்தைப் பருவம் கடந்ததும் பலருக்கு லாக்டோஸைச் செரிக்கும் மரபணு ஓய்ந்துவிடுகிறது, சிலருக்கு ஓய்வதில்லை. ஐரோப்பியரிடையே இதற்குக் காரணமான ஓரெழுத்து மாற்றம் அந்த மரபணுவிலேயே இல்லை. ஏறத்தாழ 14,000 எழுத்துகள் தள்ளி, பக்கத்து மரபணுவுக்குள் இருப்பதை 2002-இல் கண்டறிந்தனர். அதே மாற்றம் இந்தியாவிலும் காணப்படுகிறது. வடமேற்கில் அதிகம், தெற்கில் குறைவு.

இத்தகைய சுவிட்சுகளைக் கணினியால் தேடுவது எளிதன்று. அவை மிகச் சிறியவை. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளும் சம அளவில் வருவதாகக் கொண்டால், ஆறெழுத்துச் சொல் ஒன்று 4,096 எழுத்துகளுக்கு ஒருமுறை தற்செயலாகவே தோன்றும். 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபணுத் தொகுதியில் அது 7 லட்சத்திற்கும் மேற்பட்ட இடங்கள். எது சுவிட்ச், எது தற்செயல்?

இதற்கு உதவும் கணிப்பு முறைகளுள் ஒன்று, 2005-இல் வெளியான 'ஃபைலோகிப்ஸ்'. சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராகுல் சித்தார்த்தன், அயல்நாட்டு அறிஞர் இருவருடன் இணைந்து உருவாக்கியது. நெருங்கிய ஈஸ்ட் இனங்களின் வரிசைகளை ஒப்பிட்டு, மாறாமல் நிற்கும் சிறு சொற்களை நிகழ்தகவின் துணையோடு அது தேடுகிறது. அண்மையில்தான் பிரிந்த இனங்களில் ஒற்றுமை இருப்பதில் வியப்பில்லை என்பதால், உறவின் நெருக்கத்தையும் கணக்கில் சேர்க்கிறது. அண்டை மாவட்டங்கள் இரண்டில் விலைவாசி ஒன்றாக ஏறினால் அதை இரு தனிச் சான்றுகளாக எண்ணாதே என்று பொருளியல் மாணவருக்கு நாங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

நெடுஞ்சாலைக் கல்லூரிகளில் இதைக் கற்பிக்க என்ன செலவாகும்? ஈஸ்ட் வரிசைகள் இணையத்தில் இலவசம். கணினிக் கூடம் இல்லாத பொறியியல் கல்லூரி கிடையாது. அருகியிருப்பது, உயிரியலையும் புள்ளியியலையும் ஒருசேர விளக்கும் ஆசிரியர் மட்டுமே. அத்தகையவர் கிடைக்கும்வரை ஆசிரியர் இருவர் சேர்ந்து ஒரே வகுப்பை நடத்தலாம். நான் பணியில் இருந்தபோது, கணிதத் துறை நண்பரோடு அப்படியொரு வகுப்புக்கு முயன்றேன். பணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்ற நிர்வாகக் கேள்வியிலேயே அது நின்றுபோயிற்று. பாடவேளைப் பதிவேட்டின் ஒரு கட்டத்தில் இரு பெயர்களை எழுத அனுமதிப்பது பெரிய சீர்திருத்தமன்று. புதிய பட்டம் தொடங்குவதைவிட மலிவானது.

இன்றைய செயற்கை நுண்ணறிவுப் படிப்புகளுக்குள் விருப்பப் பாடமாகவே இதை வைக்கலாம். தேர்வில் மென்பொருளின் பெயரைக் கேட்க வேண்டாம். ஆறெழுத்துச் சொல்லொன்று 7 லட்சம் இடங்களில் கிடைத்தால் அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கட்டும். சேர்க்கைக்கு வரும் பெற்றோரும், வேலைவாய்ப்பு விழுக்காட்டைக் கேட்ட பிறகு, இப்பாடத்தை நடத்துபவர் யார், அவர் எத்தனை ஆண்டுகளாக இக்கல்லூரியில் இருக்கிறார் என்று விசாரிக்கலாம்.