பெட்டியோடு வியாபாரம் முடிவதில்லை

ரெடிமேட் சட்டையை அளவுக்குத் திருத்தித் தைப்பது ஊத்துக்குளி வட்டாரத்தில் நாம் அறிந்ததே. பிளாஸ்டிக் ரோபோ பொம்மையிலும் இதே வேலை நடக்கிறது. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வெளியிட்ட 'கன்டம்' ரோபோ, நாமே ஒட்டிச் சேர்க்கும் உதிரிப் பாகங்களாக வந்தது. ஆர்வலர்கள் அதோடு நிற்பதில்லை. ஒரு பெட்டியின் கையை இன்னொன்றின் உடலில் பொருத்துகிறார்கள். இல்லாத பாகத்தை பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பெயிண்ட் அடிக்கிறார்கள்.

ஆக, பெட்டி ஒருமுறை விற்கும். ஷீட், பசை, உப்புத்தாள், பெயிண்ட் திரும்பத் திரும்ப விற்கும். இவற்றையும் நாம் அருகிலேயே வைக்கலாம்.

ஒன்றில் கவனம் தேவை. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையில்லாச் சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். பறிமுதலானால் போட்ட முதலே போய்விடும்.