குழி ஆறட்டும்

"இன்னைக்கே இம்ப்ளான்ட் வச்சிருங்க டாக்டர், அடுத்த மாசம் வீட்ல கல்யாணம் இருக்கு." சாயர்புரம், ஏரல் பக்கமிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி வந்து முன்பல்லை எடுத்துக்கொள்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. கல்யாணத்துக்குக் கழற்றி மாட்டும் பல் ஒன்று செய்து தந்துவிடலாம். இம்ப்ளான்ட் எப்போது என்பதைப் பல் இருந்த குழியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பல்லை எடுத்துச் சுத்தம் செய்ததும், முனை மழுங்கிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு உதட்டுப் பக்கச் சுவரைத் தடவுவோம். கடகடவென்று எலும்பில் உரசிக்கொண்டே போனால் சுவர் முழுசாக இருக்கிறது. நடுவில் மெத்தென்று அமுங்கினால் அந்த இடத்தைச் சீழ் தின்றுவிட்டது. மேல் முன்பற்களில் அந்தச் சுவர் பெரும்பாலும் 1 மி.மீ. கனம்கூட இருக்காது. பல் போனதும் கரையத் தொடங்கிவிடும். அன்றே இம்ப்ளான்ட் என்கிற டைட்டானிய ஸ்க்ரூவை இறக்கினால் கரைவது நிற்கும் என்று பலர் நம்பினார்கள். நிற்பதில்லை என்று 2005 வாக்கில் வந்த ஆய்வுகள் காட்டின.

ஸ்வீடனின் பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தார். அவருடைய முறையில் குழி நன்றாக ஆறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1976-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஷுல்ட்டே, எடுத்த அன்றே வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். சுவர் கெட்டியாக இருந்து, சீழ் இல்லாமல், குழிக்கு அப்பால் ஸ்க்ரூ பிடிக்க 3 முதல் 5 மி.மீ. எலும்பும் இருந்தால் அன்றே வைப்பதில் தவறில்லை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் தள்ளிவைக்கச் சொல்வேன். 4 முதல் 8 வாரத்தில் ஈறு மூடிவிடும், சீழும் வற்றிவிடும். கடைவாய்ப்பல்லின் அகலக் குழி என்றால் 12 முதல் 16 வாரம். கட்டி பெரிதாக அரித்திருந்தால் 6 மாதத்துக்கும் மேல். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் பீடி விடாதவர்களும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்த காலத்தில், கடலடிப் பாரிலிருந்து சிப்பியை மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். முற்றவில்லை என்றால் குளிப்பைத் தள்ளிவைப்பார்கள். ரொம்ப நாள் விட்டாலோ சிப்பி செத்து முத்தும் போய்விடும். எலும்புக்கும் அந்தக் கெடு உண்டு. டென்மார்க்கில் 46 பேரை ஓராண்டு கவனித்து 2003-இல் வெளியிட்டார்கள்: பல் எடுத்த இடத்தின் அகலம் ஏறக்குறையப் பாதியாகியிருந்தது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே போயிருந்தது.

இதை நம் ஊரில் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். லீவில் வந்து பல்லை எடுத்துவிட்டுப் போய், அடுத்த லீவுக்குத் திரும்பும்போது தாடை கத்தி விளிம்பாகிவிடுகிறது. பிறகு எலும்பு வளர்க்கத் தனி ஆபரேஷன், தனிச் செலவு. இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப முடியாது என்று தெரிந்தால், எடுக்கிற அன்றே குழியில் எலும்புத்தூள் நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். எலும்பு கரைவது முழுதாக நிற்காது, நன்றாகக் குறையும்.