கால்தானே முறிந்தது... மூச்சு ஏன் திணறுது? எலும்பு முறிவுக்குப் பின் வரும் 'கொழுப்பு அடைப்பு' ஆபத்து

சேலம் - தருமபுரி சாலையில் அடிக்கடி போய் வருபவர்களுக்கு தொப்பூர் கணவாய் என்றாலே ஒரு பதற்றம் இருக்கும். இறக்கமும் வளைவுமான அந்தப் பாதையில் 2020 டிசம்பரில் நடந்த விபத்தில் 4 பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 24-ம் தேதி லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதியதில் மீண்டும் 4 பேர் பலியாகினர்.

இதுபோன்ற விபத்துகளில் உயிர் பிழைத்தவர்களைப் பார்த்து, "நல்லவேளை, கால்தான் உடைஞ்சிருக்கு, தலைக்கு ஒண்ணும் இல்ல" என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் அடைவது வழக்கம். ஆனால் தொடை எலும்பு முறிந்த ஒரு சிலருக்கு, எல்லோரும் நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் அடுத்த ஆபத்து தொடங்குகிறது. அதன் பெயர் ஃபேட் எம்பாலிசம். தமிழில் கொழுப்பு அடைப்பு எனலாம்.

எலும்புக்குள் கொழுப்பா?

ஆமாம். தொடை எலும்பு, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு போன்ற நீளமான எலும்புகளின் நடுவே மஜ்ஜை இருக்கிறது. பெரியவர்களுக்கு இதில் பெரும்பகுதி கொழுப்புதான். எலும்பு உடையும்போது உள்ளே இருக்கும் சிறு ரத்தக் குழாய்களும் கிழிகின்றன. அந்த வழியாகக் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்குள்ள மெல்லிய குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன.

பாதிப்பு அடைப்போடு நிற்பதில்லை. சிக்கிய கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலமாக மாறுகிறது. அது நுரையீரலின் மெல்லிய சுவரைப் புண்ணாக்கி, அழற்சியை உண்டாக்கி, நீர் கோக்க வைக்கிறது. இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால்தான் விபத்து நடந்த உடனே அறிகுறி தெரிவதில்லை. பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தெரியும்.

எல்லோருக்கும் வருமா?

பயப்பட வேண்டாம். பெரிய எலும்பு முறிந்த பெரும்பாலானோரின் ரத்தத்தில் கொஞ்சம் கொழுப்பு கலக்கத்தான் செய்கிறது. ஆனால் உடல் அதைச் சமாளித்துவிடும். ஒரு நீள எலும்பு மட்டும் முறிந்தால், 100 பேரில் சுமார் 1 முதல் 3 பேருக்கே இது நோயாக மாறுகிறது. இரண்டு தொடை எலும்பும் முறிந்தவர்கள், தொடையோடு இடுப்பு எலும்பும் உடைந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

அதிகம் பாதிக்கப்படுவது இளைஞர்கள், குறிப்பாக ஆண்கள். பைக் விபத்துகளில் தொடை எலும்பு முறிவது அவர்களுக்குத்தான் அதிகம். சிறு குழந்தைகளின் மஜ்ஜையில் கொழுப்பு குறைவு என்பதால் அவர்களுக்கு இது அரிதாகவே வருகிறது.

கவனிக்க வேண்டிய 3 அறிகுறிகள்

1. மூச்சு: பெரும்பாலும் முதலில் தெரிவது இதுதான். மூச்சு வேகமாகும், இதயத் துடிப்பு எகிறும், ஆக்சிஜன் அளவு இறங்கும். விரலில் மாட்டும் கருவியில் இயல்பான அளவு 95-க்கு மேல் இருக்க வேண்டும்.

2. மனநிலை: நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று குழப்பமாகப் பேசுவார், எரிச்சல்படுவார், அல்லது தூங்கிக்கொண்டே இருப்பார். "வலி மாத்திரை மயக்கம்தான்" என்று விட்டுவிடக் கூடாது. சிலருக்கு வலிப்பும் வரலாம். கொழுப்புத் துளிகள் மூளையின் சிறு குழாய்களையும் எட்டுவதே காரணம்.

3. தோல்: கழுத்து, மார்பின் மேல்பகுதி, அக்குளில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் தோன்றும். எல்லோருக்கும் வராது. வந்தாலும் சில நாட்களில் மறைந்துவிடும். மாநிறம், கருநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் உள்பக்கத்தில் தெரிய வாய்ப்பு உண்டு.

இதில் எது தெரிந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காமல், உடனே நர்ஸிடமோ டியூட்டி டாக்டரிடமோ சொல்லுங்கள்.

"நல்லாத்தானே பேசிட்டு இருந்தான்..."

மருத்துவமனைகளில் தகராறு தொடங்குவது பல நேரம் இந்த வார்த்தையில்தான். "முதல் நாள் டீ குடிச்சான், போன்ல பேசினான். ஊசி போட்டாங்க, மூச்சு நின்னுபோச்சு" என்று குடும்பம் கொதிக்கும். ஆனால் இடையில் ஒரு நாள் நன்றாக இருந்து, பிறகு திடீரென்று மோசமாவதுதான் இந்த நோயின் இயல்பு. எலும்புக்குள் ராடு செலுத்தும் அறுவை சிகிச்சையின்போதும் கொழுப்பு ரத்தத்தில் கலக்க வாய்ப்பு உண்டு. எனவே, இந்த ஆபத்தைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்துக்கும் நல்லது, டாக்டருக்கும் நல்லது.

இதை உறுதிசெய்ய ஒரே ஒரு டெஸ்ட் என்று எதுவும் கிடையாது. தலைக்காயம், ரத்தக்கட்டி, நிமோனியா போன்ற மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வருகிறார்கள். தலை சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், எம்ஆர்ஐ-யில் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு.

என்ன சிகிச்சை?

கொழுப்பைக் கரைக்கும் தனி மருந்து இல்லை. 1862-ல் ஜெர்மன் மருத்துவர் சென்கர், விபத்தில் நசுங்கி இறந்த ரயில்வே தொழிலாளியின் நுரையீரலில் கொழுப்பைக் கண்டறிந்தார். 160 ஆண்டுகள் கடந்தும் சிகிச்சை என்பது ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், ரத்த அழுத்தம் குறையாமல் பார்ப்பது ஆகியவைதான். நுரையீரல் தானாகத் தேறும்வரை உடலைத் தாங்கிப் பிடிப்பதே நோக்கம். நோய் தீவிரமானால் 100-ல் 5 முதல் 15 பேர் வரை இறக்கலாம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

தடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். முறிந்த எலும்பு ஆட ஆட கொழுப்பு அதிகம் வெளியேறுகிறது. எனவே:

* முறிந்த காலை இழுத்து நேராக்காதீர்கள், உருவிவிடாதீர்கள்.
* பலகை, கெட்டியான அட்டை எது கிடைத்தாலும் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். எதுவும் இல்லையென்றால் நல்ல காலோடு சேர்த்துக் கட்டுங்கள்.
* பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.
* உடல்நிலை இடம் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் எலும்பை நிலைநிறுத்துவது ஆபத்தைக் குறைக்கும்.

பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் எலும்பு முறிவு என்றால் நாட்டுக் கட்டுக்குப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கை விரல் முறிவும் தொடை எலும்பு முறிவும் ஒன்றல்ல. தொடை, இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு முதல் 3 நாட்கள் ஆக்சிஜன் வசதியும் கண்காணிப்பும் உள்ள இடம் கட்டாயம் தேவை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை வரம்புக்குட்பட்டு தமிழக அரசே ஏற்கிறது. ஆனால் கொழுப்பு அடைப்பு 72 மணி நேரம் வரை வரலாம். அதனால் இரண்டாம் நாள் ஆள் தெம்பாக இருக்கிறார் என்று அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். மூன்றாம் நாளும் முடியட்டும்.