கத்தி தீட்ட ஆடாத மணை

கவாத்துக் காலத்தில் நம்ம தோட்டங்களில் அதிகம் உழைக்கிற கருவி கத்திதான். அதற்குக் கிடைக்கிற கவனிப்போ ரொம்பக் குறைவு. மழுங்கின கத்தி கிளையை நசுக்கிக் கிழிக்கும். பட்டை நார்நாராகத் தொங்கும், வெட்டுவாய் ஆற நாளாகும். எலுமிச்சையில் சொறிநோயும் மாதுளையில் பாக்டீரியா கருகலும் உள்ளே நுழைய அந்தக் காயமே வாசல். அப்புறம் மருந்தடித்துக்கொள்ளலாம் என்று நாம் இருக்க முடியாது. சுத்தமான வெட்டு, அதன்மேல் சாணமும் செம்மண்ணும் குழைத்த பூச்சு, இதுதான் நம்ம வைத்தியம். கைக்கும் இதில் பங்கு உண்டு. மழுங்கின கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருக்கும். வழுக்கினால் அந்த அழுத்தம் முழுவதும் விரலில் இறங்கும்.

மோட்டார் சாணையில் கொடுத்தால் சீக்கிரம் வேலை முடியும். ஆனால் சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போச்சு. அப்புறம் எத்தனை தீட்டினாலும் ரெண்டு நாளில் மழுங்கும். கையால் கல்லில் தீட்டுவதில் அந்தப் பயம் இல்லை. கோணம் மாறாமல் பிடிக்கக் கை பழக வேண்டும், அதுதான் சிரமம். பாளை அருவாளைப் பலகையில் கல்பொடி தூவித் தீட்டும் பனையேறிக்கு அது தினசரிப் பழக்கம். வருசத்துக்கு ரெண்டு தடவை கவாத்து செய்கிறவருக்கு அந்தக் கை வாய்க்காது.

அதற்காகத்தான் கம்பி வைத்த தீட்டும் கருவிகள் கடைக்கு வந்திருக்கின்றன. கத்தியின் முதுகுப் பக்கத்தை ஒரு கவ்வு பிடித்துக்கொள்ளும், கூர் நம்மைப் பார்த்து இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தூண். தூணில் உள்ள வளையத்துக்குள் ஓடும் கம்பியில் தீட்டுக்கல் மாட்டியிருக்கும். வளையம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற கோணத்தில் கல் கத்தியில் படியும். விலை குறைந்ததோ கூடியதோ, நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் செய்ததோ, எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான்.

கூரிலிருந்து தூண் வரை படுக்கை வாட்டில் 30 செ.மீ. இருக்கட்டும். 15 டிகிரி வேண்டுமென்றால் வளையம் கூரின் மட்டத்துக்கு மேலே 8 செ.மீ. இருக்க வேண்டும். 20 டிகிரிக்கு 11 செ.மீ., 25 டிகிரிக்கு 14 செ.மீ. கம்பியின் நடுவிலிருந்து கல்லின் அடிமுகம் வரை உள்ள கனத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். முரட்டுக்கல்லிலிருந்து நைஸ் கல்லுக்கு மாறும்போது கனம் வேறானால் கோணமும் வேறாகும். இது பலபேர் கவனிக்காத இடம். கவாத்துக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி சரியாக வரும். வெட்டரிவாளுக்கு 25க்கு மேல் வையுங்கள், இல்லையென்றால் கட்டையில் பட்டதும் கூர் மடங்கும். ஒட்டுக்கத்தி ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ளது. அதன் தட்டைப் பக்கத்தைச் சரித்துத் தீட்டினால் கத்தி கெட்டது.

இவ்வளவும் அளந்து வைத்த பிறகு அடிப்பலகை ஆடினால் எல்லாம் வீண். வளையம் அரை சென்டிமீட்டர் மேலோ கீழோ போனால் 30 செ.மீ. தூரத்தில் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி மாறும். சின்னக் கருவியில் 15 செ.மீ. தூரம்தான் என்றால் அதே ஆட்டத்துக்கு ஏறக்குறைய ரெண்டு டிகிரி. ஒவ்வொரு இழுப்புக்கும் கோணம் இப்படி ஏறி இறங்கினால் கூர் உருண்டுபோகும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், தக்காளித் தோலில்கூட இறங்காது. அதனால் கருவிக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதைவிட அடிக்கு ஒரு நாள் மெனக்கெடுவது மேல் என்பது என் கருத்து.

கடைக் கருவிகள் மேசை விளிம்பில் மாட்டும்படி வருகின்றன. நம்ம வீடுகளில் திண்ணையும் கயிற்றுக்கட்டிலும் இருக்கும், மேசைக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் மேசையில் மாட்டினால் கருவியோடு மேசையும் சேர்ந்து ஆடும். ஆனால் ஆடாத அடியை நம்ம சமையலறை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. தேங்காய்த் துருவுமணையைப் பாருங்கள். அதன்மேல் ஆள் உட்கார்ந்துவிடுகிறார், அவர் எடையே மணையைப் பிடித்துக்கொள்கிறது. அதே வேலையைக் கத்தி தீட்டவும் செய்யலாம்.

வேம்போ பலாவோ, நன்றாகக் காய்ந்த பலகையாக 3 அடி நீளம், 9 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனத்தில் எடுங்கள். பச்சை மரம் வேண்டாம், பிறகு முறுக்கிக்கொள்ளும். கால் மூன்று போதும். மூணு கல் அடுப்பு எந்தத் தரையிலும் ஆடாது, நாலு கால் முக்காலே அரைக்கால் நேரம் ஆடும். கருவி இருக்கும் முனையில் ரெண்டு கால், பலகையின் அகலத்துக்கு வெளியே தள்ளி நிற்கும்படி ஒரு குறுக்குக்கட்டையில் அடியுங்கள். மூன்றாவது கால் நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே. பலகை அந்தக் காலைத் தாண்டிப் பின்னால் நீண்டால், உட்காரும்போது முன்பக்கம் தூக்கும். காலடியில் பழைய லாரி டியூப் ரப்பரை ஒட்டிவிட்டால் சிமெண்டுத் தரையில் நகராது.

கருவியை ஆணியால் அடிக்காதீர்கள், நாலு தட்டு தட்டியதும் இளகும். பலகையை ஊடுருவும் போல்ட்டு, மேலும் கீழும் அகலமான வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு. தூண் தனியாக இருந்தால் அதற்கும் இப்படியே. கவ்வும் தூணும் ஒரே இரும்புப் பட்டையில் நின்றால் இன்னும் நல்லது. ஆடினாலும் ரெண்டும் சேர்ந்தே ஆடும், கோணம் கெடாது. கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுவதால் பலகை ஊறும். ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கோட்டு பூசிக் காயவிட்டால் போதும்.

கூர் நம்மைப் பார்த்து இருப்பதால் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. கம்பியின் கைப்பிடிக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கொட்டாங்குச்சியைத் துளையிட்டுக் கோர்த்துவிடுங்கள். கல் வழுக்கினாலும் கை கூருக்குப் போகாது. கல் இல்லாத நேரம் கூரின்மேல் பிளந்த சொட்டுநீர்க் குழாயை மாட்டி வையுங்கள்.

முட்டிவலிக்காரர்கள் மணையில் உட்கார முடியாது. அவர்களுக்கு ஒன்றரை அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அங்குல கனமுள்ள கடப்பாக்கல் துண்டு. ஏறக்குறைய 14 கிலோ வரும், திண்ணை மேலோ மணல் நிரப்பிய பீப்பாய் மேலோ ரப்பர் விரித்து வைத்து, முழங்கை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி நின்றுகொண்டு தீட்டலாம். கல்லில் துளைபோடக் கிரானைட் கடையில் கொடுங்கள், நாமே செய்தால் விரியும்.

எல்லாம் பூட்டியதும் கூரின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை தடவி, கல்லை ரெண்டு தடவை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கத்தியின் நேரான பகுதி முழுக்க ஒரே அகலத்தில் மை போயிருந்தால் அடி உறுதி. ஒரு இடத்தில் அகலமாகவும் ஒரு இடத்தில் நூலாகவும் போயிருந்தால் எங்கோ இளக்கம் இருக்கிறது. தூணின் உச்சியை விரலால் தள்ளினால் எது அசைகிறது என்று தெரிந்துவிடும். மை விளிம்பில் போகாமல் மேலே மட்டும் போனால் வளையம் தாழ்வு, விளிம்பில் மட்டும் போனால் உயரம். பிறகு ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் பிசிறு ஏறும். விரலை முதுகிலிருந்து கூரை நோக்கி நகர்த்தினால் தட்டுப்படும். நீளம் முழுக்கப் பிசிறு வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். கடைசியில் பழைய பெல்ட்டுத் தோலில் முதுகை முன்னால் விட்டு இழுத்தால் பிசிறு போய்விடும்.

வெட்டரிவாளின் வளைவு தொடங்கும் இடத்தில் கூருக்கும் தூணுக்கும் உள்ள தூரம் மாறுவதால் கோணமும் மாறும். நேர்ப்பகுதியை முடித்துவிட்டு அரிவாளை நகர்த்திக் கவ்விக்கொள்ளுங்கள். கதிர் அரிவாளுக்கு இந்தக் கருவி வேண்டாம். உள்வளைவில் தட்டைக்கல் படியாது, கருக்கரிவாளின் பல்லையும் தேய்த்துவிடும். அதைக் கொல்லரிடமே கொடுங்கள்.