எல்லை தாண்டும் காரும் அதற்கான காகிதங்களும்

திருச்செந்தூரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். ஆனால் காரோடு போக வழியில்லை. 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விடப்பட்ட கப்பல் அதே ஆண்டில் நின்றுபோனது. 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் ஆட்களை மட்டுமே ஏற்றுகிறது. மேற்கே பாகிஸ்தானுக்குப் போகும் அட்டாரி எல்லை 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கிழக்கே மணிப்பூரின் மோரேயைத் தாண்டினால் மியான்மர். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் தொடரும் உள்நாட்டுச் சண்டையில் அந்தச் சாலையை நம்பித் திட்டம் போட முடியாது.

ஆகவே திருச்செந்தூரின் ‘டி.என். 92’ பதிவெண் பலகையோடு அதிகச் சிக்கலின்றி ஓட்டிப்போகக்கூடிய வெளிநாடுகள் நேபாளமும் பூடானும்தான். எல்லையைத் தொடுவதற்கே 2,000 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். இரண்டு நாட்டுக்கும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை; பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகும் நடுவயதுக்காரர் எல்லையிலேயே நிற்க நேரும். நேபாளத்தில் வண்டிக்கு ‘பன்சார்’ எனும் சுங்கச் சீட்டை நாள் கணக்கில் வாங்க வேண்டும். நாள் மீறினால் அபராதம். பூடானில் இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். பெரியவர்கள் நால்வர் ஐந்து இரவு தங்கினால் 24,000 ரூபாய். அறைவாடகையும் பெட்ரோலும் தனி. சிக்கனத் திட்டங்கள் பெரும்பாலும் இப்படி, கணக்கில் எழுதாமல் விட்ட கட்டணத்தில்தான் கவிழ்கின்றன.

வண்டிக் காப்பீடு இந்திய எல்லையோடு முடிந்துவிடும். நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான், மாலத்தீவு ஆகியவற்றுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் எல்லை விரிவாக்கத்தைச் சேர்க்கலாம். புறப்படும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

காரைக் கப்பலேற்றிப் பல நாடுகளைச் சுற்ற நினைப்பவருக்குப் பல இடங்களில் ‘கார்னே’ என்ற சுங்க ஆவணம் தேவைப்படும். இந்தியாவில் மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் வழியாக அதைப் பெறலாம். வண்டியைப் போகும் நாட்டில் விற்காமல் திரும்பக் கொண்டுபோவேன் என்பதற்கான உறுதி அது. அதற்கு ஈடாகப் பிணைத்தொகை கேட்பார்கள். செல்லும் நாடுகளைப் பொறுத்து அது காரின் விலையையே தாண்டலாம். ஆவணத்துக்கு ஆயுள் ஓராண்டு. எந்த நாட்டிலிருந்தாவது வெளியேறும்போது முத்திரை வாங்க மறந்தால், வண்டி அங்கேயே தங்கிவிட்டதாகக் கருதி இறக்குமதி வரி கேட்பார்கள். அது பிணைத்தொகையிலிருந்தே பிடிக்கப்படும். கையில் காசு குறைவானவர்க்கு இந்த வழி ஏற்றதல்ல.

விமானத்தில் போய் அங்கே கார் வாடகைக்கு எடுப்பதே மலிவு. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மூன்றிலும் நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 4ஏ படிவத்தோடு 1,000 ரூபாய் கட்டிப் பெறலாம். ஓராண்டுதான் செல்லும், மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் ‘சர்வதேச லைசென்ஸ்’ என்று விற்கப்படும் அட்டைகளுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. அனுமதியே போதும் என்றும் இருக்கக் கூடாது: இலங்கையில் உள்ளூர் அங்கீகாரமும் பெற வேண்டும், 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் சேராத சீனாவில் அது செல்லவே செல்லாது. கார் உரிமத்தை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும்.

வாடகைக் காரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோக உரிமையாளரின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும் வீடியோ எடுத்து வைத்தால், இல்லாத கீறலுக்குக் காசு கேட்பவரிடம் பேச ஆதாரம் இருக்கும். பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்டால் மறுக்கலாம்: 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. நகல் கொடுத்தால் போதும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல்துறைப் புகார், பிறகு இந்தியத் தூதரகம். அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்ப மட்டுமே உதவும். மீதி நாடுகள் அதோடு சரி. கைதானால் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமையை 1963 வியன்னா ஒப்பந்தம் தருகிறது. தூதரகம் வழக்கறிஞர் விவரம் தரும், வீட்டுக்குத் தகவல் சொல்லும். அபராதத்தைக் கட்டி மீட்டுவரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் குடும்பத்தினர் ஊரிலிருந்தே புகார் பதியலாம்.

முன்பணம் வாங்கிய இந்தியப் பயண நிறுவனம் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, திருச்செந்தூர்க்காரர் என்றால் தூத்துக்குடி நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. இணையத்தில் போலி நிறுவனத்துக்குப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் கட்டும்போது முன்கூட்டிப் பிடிக்கப்படும் வரியைப் பலர் மறந்தே விடுகிறார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டினால் அது கழிக்கப்படும், அல்லது திரும்பக் கிடைக்கும்.