பாதுகாப்பு விதி போதலைன்னா ஆளுநரே உடனே சட்டம் போடலாமா? ஏர்வாடி தீ விபத்து சொல்லும் பாடம்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் பலியானார்கள்.

இதுபோன்ற விபத்து நடந்தால் எழும் முதல் கேள்வி: விதிகள் சரியில்லைன்னா, சட்டப்பேரவை கூடும் வரை காத்திருக்கணுமா?

வேண்டியதில்லை. பேரவை நடக்காத நாட்களில், உடனடி நடவடிக்கை தேவைப்பட்டால், அரசியல் சாசனத்தின் 213-வது பிரிவின்படி ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். சட்டத்துக்கு உள்ள அதே பலம் அதற்கும் உண்டு.

ஆளுநர் தானாகவே முடிவெடுக்கலாமா?

முடியாது. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் பிறப்பிக்க முடியும்.

எவ்வளவு நாள் செல்லும்?

பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து 6 வாரம். அதற்குள் மசோதாவாக நிறைவேற்றாவிட்டால் காலாவதி ஆகிவிடும்.

அந்த விஷயத்தில் மத்திய சட்டம் இருந்தால்?

பொதுப்பட்டியலில் உள்ள விஷயம் என்றால், மத்திய சட்டத்துக்கு முரணாகச் செல்ல குடியரசுத் தலைவரின் அனுமதி வேண்டும். ஜல்லிக்கட்டுக்கு இப்படித்தான் வழி கிடைத்தது. 2017 ஜனவரி 21-ல் அவசரச் சட்டம் வந்தது. 23-ம் தேதியே பேரவை மசோதாவை நிறைவேற்றியது.

அப்படின்னா ஏர்வாடியில் சட்டம் இல்லாததுதான் பிரச்சினையா?

இல்லை. 1987-ம் ஆண்டு மனநலச் சட்டம் அப்போதே அமலில் இருந்தது. காப்பகம் நடத்த லைசென்ஸ் கட்டாயம். நோயாளிகளைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்றும் அதில் இருந்தது. ஆனால் லைசென்ஸ் இல்லாமலேயே காப்பகங்கள் நடந்தன. சங்கிலியை யாரும் அவிழ்க்கவில்லை. விபத்து நடந்து ஒரு வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றமும் தாமாக முன்வந்து வழக்கை விசாரித்தது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் கூடாது என்று வெளிப்படையாகவே தடை செய்தது.

சட்டமே இல்லாத இடத்தில்தான் அவசரச் சட்டம் கைகொடுக்கும். இருக்கிற சட்டத்தை அமல்படுத்த, அதிகாரிகள் நேரில் போய் சோதனை செய்தே ஆகணும். ஏர்வாடியில் தவறிப்போனது அதுதான்.