சத்தம் யார் வீட்டுக்குள் வருகிறது? நெய்வேலியை முன்வைத்து

இலக்கிய அரங்கில் டெசிபலுக்கும் மில்லிமீட்டருக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நெய்வேலியைப் பற்றிப் பேசும்போது நிலம், இழப்பீடு, வேலை, நிலத்தடி நீர், புழுதி எல்லாவற்றையும் நாம் பேசியிருக்கிறோம். சத்தத்தையும் அதிர்வையும் பேசியது குறைவு. அவை புகைப்படத்தில் விழுவதில்லை, மனுவில் எழுதினால் சின்ன விஷயமாகத் தெரிகின்றன. ஆனால் தூக்கம் போகிறது, சுவர் பிளக்கிறது.

1956இல் நிறுவனம் பதிவானது; 1957 மே மாதம் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். சுரங்கத்திலிருந்து தள்ளி, மரங்களும் அகலச் சாலைகளும் வட்டங்களுமாக டவுன்ஷிப் எழுந்தது. அதாவது, குடியிருப்பைச் சத்தத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்ற அறிவு அன்றே இருந்தது. அந்த விலகல் யாருக்குக் கிடைத்தது என்பதுதான் கேள்வி. ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலரும், மாற்றுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டவர்களும், கையகப்படுத்தல் கோட்டுக்கு வெளியே நிற்கும் சேரிகளும் அந்தத் திட்டப்படத்தில் இல்லை. (நெய்வேலியில் 'காலனி' என்றால் அதிகாரி குடியிருப்பும் நினைவுக்கு வரும். பக்கத்துக் கிராமத்தில் அதே சொல் எதைக் குறிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.)

முதலில் சத்தம். பக்கெட் வீல் இயந்திரமும் கன்வேயர் பெல்ட்டும் இரவு பகல் ஓடுகின்றன. பெல்ட்டின் அடியில் ஆயிரக்கணக்கான உருளைகள். தேய்ந்த உருளை ஒன்று போதும், முனகல் தொடங்கிவிடும். ஒரே இடத்திலிருந்து எழும் சத்தம், தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 6 டெசிபல் குறையும். பெல்ட்டும் நெடுஞ்சாலையும் கோடுபோல நீண்டு கிடப்பவை. அவற்றின் சத்தம் 3 டெசிபல்தான் குறையும். அதனால்தான் "அவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், எப்படிக் கேட்கும்?" என்ற கேள்வி பொருந்துவதில்லை. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருந்தால் சத்தம் வளைந்து இன்னும் தூரம் போகும். மரம் நட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மரம் நல்லதுதான், நிழல் தரும். ஆனால் ஒன்றிரண்டு வரிசை மரங்கள் தாழ்ந்த உறுமலை நிறுத்துவதில்லை.

55க்கும் 65க்கும் பத்துதான் வித்தியாசம் என்று நினைத்துவிட வேண்டாம். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 என்கின்றன. தொழிற்பகுதிக்கு 75, 70. எந்த இடம் எந்த வகை என்று பிரிப்பது மாநில அரசு. கலந்து கிடக்கும் பகுதியை நான்கு வகைகளில் ஏதாவது ஒன்றாக அறிவிக்கலாம். மந்தாரக்குப்பம் போல கடையும் வீடும் லாரியும் ஒன்றாகக் கிடக்கும் இடத்தைத் தொழிற்பகுதி என்று எழுதிவிட்டால், ஒரு பேனாக் கோட்டில் இரவுக்கு 25 டெசிபல் கூடுதலாக அனுமதி கிடைத்துவிடுகிறது. அளவு 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் தரலாம் என்கிறது விதி. இரவு நேரக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டாலும் தரலாம். நிம்மதியான வாழ்வு உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் சொல்லியிருப்பதையும் மனுவில் எழுதுங்கள்.

இந்த விதிக்கு 'இரவு' என்றால் 10 மணி முதல் காலை 6 வரை. ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்புகிறவருக்கு எது இரவு? அவர் தூங்கும் நேரத்தில் சாம்பல் லாரியும் டிப்பரும் வேகத்தடையில் தூக்கிப் போட்டபடி போகின்றன. சட்டப்படி அது பகல். எட்டு மணி நேர வேலைக்காக வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்து அம்பேத்கர் வாதாடினார். மிச்சமிருக்கும் மணி நேரங்களில் ஒரு தொழிலாளி தூங்க முடிகிறதா என்பதும் அதே கணக்கில் சேர வேண்டியதுதான்.

இனி அதிர்வு. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்பாறை இருக்கிறது. அதன் கடினமான அடுக்குகளை வெடி வைத்துத் தளர்த்திய பிறகே இயந்திரம் தோண்ட முடியும். வெடியின் ஆற்றலில் ஒரு பங்கு மண் வழியே அலையாகப் போகிறது. வேகமாகத் துடிக்கும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும்; மெதுவாக ஆடும் அலைகள் நெடுந்தூரம் போகும். வீட்டுச் சுவரை நன்றாக அசைப்பவையும் இந்த மெதுவான அலைகள்தான்.

சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் வெளியிட்ட 7ஆம் எண் சுற்றறிக்கையை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, மண் துகள் அசையும் உச்ச வேகம் நொடிக்கு இத்தனை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் என்றால் 5, 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. மண்சுவர் வீடும் செங்கல் சிமெண்ட் வீடும் இதில் ஒரே வரியில் வருகின்றன. பழங்கால நினைவுச் சின்னங்களுக்கு மட்டும் 2, 5, 10. பழைய கல் பலவீனமானது என்று புரிந்தவர்களுக்கு, லிண்டல் இல்லாத மண்சுவர் பலவீனமானது என்று புரியாமலா இருக்கும்?

இதைவிடக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உரிமையாளருக்கே சொந்தமான, குறைந்த ஆயுள் கொண்ட வீடுகளுக்கு அளவு 10, 15, 25. சரி, நிலம் கையகப்படுத்தப்பட்டு, மாற்று மனை வராமல், குடும்பம் இன்னும் அதே வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுவர் எந்தப் பட்டியலில் சேரும்? காகிதத்தில் கைமாறியவுடன், அதே சுவருக்கு, அதே தொட்டிலுக்கு, இரண்டு மடங்கு அதிர்வு சரி என்று யாராவது கணக்கு எழுதலாம். புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவருக்கோ, தன் வீடு என்று நிரூபிப்பதே முதல் வேலையாகிவிடும். இந்தக் கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

"அளவுக்குள்தான் இருக்கிறது" என்று பொறியாளர் சொல்வதும் "வீடே தூக்கிப் போட்டது" என்று ஆயா சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். 1 மில்லிமீட்டருக்குக் குறைவான வேகத்தையே உடம்பு உணர்ந்துவிடும். அந்த உணர்வை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. களிமண் காய்ந்து சுருங்கினாலும், அஸ்திவாரம் ஆழமில்லாமல் போனாலும் விரிசல் வரும். எல்லா விரிசலையும் வெடியின் தலையில் கட்டினால் நம் உண்மையான விரிசலும் தள்ளுபடியாகும்.

எனவே முன்பதிவு முக்கியம். சுரங்கம் நெருங்கி வருவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிச் சத்தம் கேட்ட நேரத்தை ஒரு நோட்டில் குறித்தபடி வாருங்கள். போனில் எடுக்கும் டெசிபல் அளவு சான்றாக நிற்காது. ஆனால் எந்த நேரத்தில் அதிகாரிகளை அளக்கச் சொல்ல வேண்டும் என்று காட்டும்.

2006 செப்டம்பர் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, அனுமதி பெற்ற திட்டம் ஒவ்வொன்றும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். அதிர்வு அளக்கும் கருவி எந்த ஊரில், யார் வீட்டருகே வைக்கப்பட்டது என்று அதில் பாருங்கள். ஊர்த்தெருவில் மட்டும் வைத்து, சுரங்கத்துக்கு அருகிலிருக்கும் சேரியில் வைக்காமல் விட்டிருந்தால், அடுத்த பொது விசாரணையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். விசாரணைக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். நோட்டுப் புத்தகங்களை ஒன்றுசேர்த்து நகல் எடுக்க அந்த நாட்கள் போதும்.